புல்தரை வெட்டும் ஒப்பந்தத்திற்கு விலை குறித்தல்

அரசு அலுவலகங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியவற்றின் முகப்பில் பரந்திருக்கும் புல்தரையை ஆண்டு முழுவதும் வெட்டிச் சீராக வைத்திருக்கும் வேலை இன்று பெரும்பாலும் ஒப்பந்த முறையிலேயே நடைபெறுகின்றது. வேலையைக் கொடுக்கும் நிலையம் டெண்டர் கோருகின்றது. மூடிய உறையிலோ, 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு மின்னணுச் சந்தையின் வாயிலாகவோ ஒப்பந்தக்காரர்கள் தத்தம் விலையைக் குறிக்கின்றனர். தகுதியுடையோருள் எவர் விலை குறைவோ அவருக்கு வேலை கிடைக்கின்றது. பார்வைக்கு இஃது எளிய முறையே. எனினும் ஜூலை மாதத்தில் மழை பெய்து புல் முழங்கால் அளவு எழும்போதுதான் இம்முறையின் இடர்ப்பாடு தெரிய வருகின்றது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வருவதில்லை; வந்தாலும் பாதி இடத்தை வெட்டிவிட்டுச் சென்றுவிடுகின்றனர். நிலையத்தார் ஒப்பந்தக்காரரைக் குறை கூறுவர். அவரோ இந்த விலை தமக்குக் கட்டவில்லை என்பார். ஆராய்ந்து பார்த்தால், பிழை ஜூலையில் நேர்ந்ததன்று, விலை குறிக்கப்பெற்ற நாளிலேயே நேர்ந்தது என்பது பெரும்பாலும் புலனாகும்.

ஆகவே, இவ்வேலைக்கு விலை எவ்வாறு அமைகின்றது, போட்டியானது அவ்விலையை எத்திசையில் தள்ளுகின்றது என்பவற்றை டெண்டர் வரைவோரும், வேலையை மேற்பார்வை செய்யும் களப் பணியாளரும் அறிந்திருத்தல் நலம். இதற்கு வேண்டிய கணக்கு பெருக்கலும் வகுத்தலுமே. ஆதலால் ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயிற்சிக் கணக்காகவும் கையாளலாம். கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் வழிமுறையை விளக்கும் பொருட்டு எடுத்துக்கொண்டவை. அந்தந்த இடத்தின் கூலியையும் விலைவாசியையும் அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ள வேண்டும்.

பரப்பும் ஓரமும்

புல்தரை வெட்டும் பொறியை முதன்முதல் அமைத்தவர் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊரின் அருகே வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பவர். கம்பளித் துணியின் மேல் எழும் இழைகளை மட்டமாக அரிவதற்கு ஆலைகளில் ஓடிய உருளைக் கத்தியைக் கண்டு, அதே அமைப்பினால் புல்லையும் அரியலாம் எனக் கருதி, 1830-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். அன்று தொட்டு இன்று வரை இப்பொறி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெட்டும் என்பதை நிர்ணயிப்பவை வெட்டும் அகலம், நகரும் வேகம் ஆகிய இரண்டே.

கையால் தள்ளி நடத்தும் பெட்ரோல் பொறி ஒன்றின் வெட்டு அகலம் 50 செ.மீ. எனவும், நடத்துபவர் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடப்பதாகவும் கொள்க. 0.5 மீட்டரை 4,000 மீட்டரால் பெருக்க, மணிக்கு 2,000 சதுர மீட்டர் என்று வருகின்றது. பொறி விற்போர் தரும் விளக்கத் தாளில் காணப்படுவது பெரும்பாலும் இவ்வகைக் கணக்கே. களத்தில் இவ்வளவு ஒருபோதும் நடவாது. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே புல் விட்டுப் போகாதிருக்க 5 செ.மீ. மேற்படிய வெட்ட வேண்டும். எனவே பயன்படும் அகலம் 45 செ.மீ.தான், பரப்பு 1,800 சதுர மீட்டராகக் குறைகின்றது. இந்த வீதத்தில் ஒரு ஹெக்டேர், அஃதாவது 10,000 சதுர மீட்டர் வெட்டுவதற்கு ஏறத்தாழ 5 மணி 33 நிமிடம் ஆகும்.

இனித் திரும்புதலைக் கணக்கிட வேண்டும். 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள சதுரத் தரையில் 222 வரிசைகள் உண்டு. ஒரு வரிசையின் முடிவில் பொறியைத் திருப்ப 10 வினாடி எனில், திருப்புவதற்கு மட்டும் 37 நிமிடம் கழிகின்றது. 400 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட தரையின் பரப்பும் அதே ஒரு ஹெக்டேர்தான். அதனை நீளவாட்டில் வெட்டினால் 56 வரிசைகள். திரும்புவதற்கு 10 நிமிடங்கூட ஆகாது. அகலவாட்டில் வெட்டினாலோ 889 வரிசைகளாகி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் திரும்புவதிலேயே போய்விடும். மேற்பார்வையாளர் ஒரு சொல் சொன்னால் மிச்சமாகக் கூடிய நேரம் இது.

வெட்டிய புல்லைப் பையிலிருந்து கொட்டுதல், பெட்ரோல் ஊற்றுதல், தரையிற் கிடக்கும் கல்லையும் குச்சியையும் பொறுக்குதல் ஆகியவற்றையும் சேர்த்தால், சதுர வடிவான ஒரு ஹெக்டேருக்கு 7 மணி நேரம் எனக் கொள்வது மிகையன்று.

இவ்வளவோடு வேலை முடிந்துவிடாது. சுவரின் அடியிலும், பாதையின் ஓரத்திலும், மரத்தைச் சுற்றியும் பொறி செல்லாது. அவ்விடங்களைக் கத்தரியாலோ, நைலான் இழை சுழலும் கைப்பொறியாலோ தனியே வெட்ட வேண்டும். இந்த வேலை பரப்பைப் பொறுத்ததன்று, ஓரத்தின் நீளத்தைப் பொறுத்தது. விலை குறிப்போரும் டெண்டர் வரைவோரும் மிகுதியாக மறந்து போவது இதனையே. 100 மீட்டர் சதுரம் ஒன்றின் சுற்றளவு 400 மீட்டர். அதே ஒரு ஹெக்டேர் பரப்பைப் பாதைகள் ஊடறுத்து 25 மீட்டர்ச் சதுரங்கள் பதினாறாகப் பிரித்திருந்தால், ஒவ்வொன்றின் சுற்றளவு 100 மீட்டர். மொத்தம் 1,600 மீட்டர். பரப்பு மாறவில்லை, ஓரம் நான்கு மடங்காகிவிட்டது. மணிக்கு 200 மீட்டர் ஓரம் வெட்டப்படுமானால், முதல் தரைக்கு 2 மணி நேரமும் இரண்டாவதற்கு 8 மணி நேரமும் தேவை. இரண்டாவது தரையில் திரும்புதலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கூடும்.

ஒரு தடவை வெட்டுவதற்கு ஆகும் செலவு

பொறியின் விலை 60,000 ரூபாய், அது 1,800 மணி நேரம் உழைத்தபின் 6,000 ரூபாய்க்கு விலை போகும் எனில், தேய்மானம் மணிக்கு 30 ரூபாய். பெட்ரோல் மணிக்கு ஒரு லிட்டர், 100 ரூபாய். எண்ணெய், கத்தி தீட்டுதல், பழுது ஆகியவற்றிற்கு 20 ரூபாய். ஆகப் பொறி ஓடும் ஒரு மணிக்கு 150 ரூபாய். தேய்மானத்தைப் பணமாக எவரும் அன்றாடம் கொடுப்பதில்லை. ஆதலால் அதனைச் செலவாகவே எண்ணாத சிறு ஒப்பந்தக்காரர்கள் பலர். பொறி உடைந்து புதியது வாங்க வேண்டிய நாளில்தான் அச்செலவு ஒரே தொகையாக வந்து நிற்கும்.

ஆள் கூலிக்கு வருவோம். நாட்கூலி 600 ரூபாய் எனில், வேலை கொடுப்பவருக்கு ஆகும் செலவு 600 ரூபாய் மட்டுமன்று. வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகச் செலவு உட்பட 13 சதவீதம், தொழிலாளர் காப்பீட்டிற்கு 3.25 சதவீதம், போனஸ் 8.33 சதவீதம் ஆகியவை, சட்டம் பொருந்தும் இடங்களில், அதனோடு சேரும். விடுமுறைக் கூலி, கையுறை, காலணி ஆகியவற்றையும் கூட்டினால் நாளொன்றுக்கு 800 ரூபாய் எனக் கொள்ளலாம். எட்டு மணி நேர வேலையில் பொறி உண்மையில் ஓடுவது ஆறு மணி நேரம். மீதி நேரம் பொறியை ஏற்றி இறக்குவதிலும், துடைப்பதிலும், உணவு வேளையிலும் கழியும். எனவே ஓடும் ஒரு மணிக்கு ஆட்செலவு ஏறத்தாழ 133 ரூபாய்.

சதுர ஹெக்டேர் ஒன்றை ஒரு தடவை வெட்டுவதற்கு 7 மணி நேரத்தில் பொறிக்கு 1,050 ரூபாய், ஆளுக்கு 931 ரூபாய். ஓரம் வெட்ட 2 மணி நேரத்திற்கு ஆள் 267 ரூபாய், கைப்பொறிச் செலவு 120 ரூபாய். புல்லை அள்ளிச் செல்ல வண்டிக்கு 250 ரூபாய். மொத்தம் 2,618 ரூபாய். மேற்பார்வை, கணக்கெழுதுதல், பிணைத்தொகையின் வட்டி முதலியவற்றிற்காகப் பத்து சதவீதம் சேர்த்தால் 2,880 ரூபாய். அதன்மேல் பத்து சதவீத இலாபம் வைத்தால் 3,168 ரூபாய். வரி இதில் சேரவில்லை. பதினாறு துண்டுகளாகப் பிரிந்த ஹெக்டேருக்கு இதே முறையிற் கணக்கிட்டால் ஏறத்தாழ 5,200 ரூபாய் வருகின்றது. ஒரே பரப்புள்ள இரு தரைகளுக்கு இத்தனை வேறுபாடு இருக்க, "ஒரு ஹெக்டேர் புல்தரை" என்று மட்டும் டெண்டரில் எழுதிவிட்டால், வந்து பாராமல் விலை குறித்தவர் ஏமாறுவது திண்ணம்.

ஆண்டில் எத்தனை தடவை?

டில்லி போன்ற வட இந்திய நகரங்களின் புல்தரைகளில் பெரும்பாலும் காணப்படுவது அறுகம்புல்லே. அங்கே இது 'தூப்' என்று வழங்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் விரும்பும் இப்புல் ஜூலை முதல் செப்டம்பர் வரை விரைந்து வளரும்; டிசம்பர், ஜனவரிக் குளிரில் பழுப்பேறி உறங்கும். மழைக்காலத்து 13 வாரங்களில் வாரம் ஒரு முறையாக 13 தடவை, இளவேனில், கோடை, மழைக்குப் பிந்திய காலம் ஆகிய ஆறு மாதங்களில் மாதம் இரு முறையாக 12 தடவை, குளிர்காலத்தில் மாதம் ஒரு முறையாக 3 தடவை என வைத்துக்கொண்டால் ஆண்டில் 28 தடவை ஆகும். சதுர ஹெக்டேருக்கு ஆண்டு விலை ஏறத்தாழ 88,700 ரூபாய். அதில் இலாபம் நீங்கிய அடக்கச் செலவு ஏறத்தாழ 80,600 ரூபாய்.

இந்தத் தரைக்கு ஒருவர் 60,000 ரூபாய் எனக் குறித்து, வேலையையும் பெற்றுவிட்டார் எனக் கொள்க. நிலையத்தின் ஏட்டில் ஏறத்தாழ 28,700 ரூபாய் மிச்சம் எனப் பதியும். அந்த மிச்சம் எங்கிருந்து வருகின்றது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் தம் இலாபம் முழுவதையும் மேற்செலவு முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும், 28 தடவைக்கு நேர்ச் செலவே 73,304 ரூபாய். இன்னும் 13,304 ரூபாய் குறைகின்றது. பெட்ரோல் விற்பவர் குறைத்துத் தர மாட்டார். வண்டிக்காரரும் குறைத்துக்கொள்ள மாட்டார். எஞ்சுவது ஆட்கூலி ஒன்றே. ஆண்டு முழுவதற்கும் ஆட்செலவு ஏறத்தாழ 33,500 ரூபாய். அதிலிருந்து 13,304 ரூபாயை எடுப்பதென்றால் ஐந்தில் இரண்டு பங்கை எடுக்க வேண்டும். வைப்பு நிதி, காப்பீடு, போனஸ், விடுமுறைக் கூலி, காலணி யாவற்றையும் கொடாமலே விட்டாலும் நான்கில் ஒரு பங்குதான் மிச்சமாகும். ஆதலால் 600 ரூபாய் நாட்கூலியிலும் கை வைத்தே தீர வேண்டும். அக்கூலி அவ்விடத்தின் குறைந்தபட்சக் கூலியாக இருப்பின், வெயிலில் பொறி தள்ளுபவரின் சட்டப்படியான உரிமைதான் நிலையத்தின் ஏட்டில் மிச்சமெனப் பதிந்திருக்கின்றது.

குறைந்தபட்ச ஊதியத்தை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநாட்டியது; அதன் நெறிகள் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கின. ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால், வேலையை ஒப்படைத்த முதன்மை நிலையமே அதனைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனை உட்கொண்ட 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் இப்பொறுப்பை நீக்கவில்லை. ஆகவே மலிவான விலையை ஏற்கும் அலுவலர், பிற்காலத்தில் வரக்கூடிய ஒரு கடனையும் உடன் ஏற்கின்றார்.

வேரில் விழும் வெட்டு

கூலியில் கை வைக்காத ஒப்பந்தக்காரர் வேறொரு வழியை நாடுவார். வெட்டும் தடவைகளைக் குறைப்பார். 60,000 ரூபாய்க்கு 3,168 ரூபாய் வீதம் 19 தடவைதான் வெட்ட இயலும். குறையும் ஒன்பது தடவைகளில் பெரும்பகுதி மழைக்காலத்தில்தான் விழும்; ஏனெனில் அப்போதுதான் வேலை மிகுதி. வாரம் ஒரு முறை என்பது இரு வாரத்திற்கு ஒரு முறை ஆகும்.

இதனால் தோற்றம் கெடுவது ஒருபுறம் இருக்கட்டும். அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த பிராங்க்ளின் கிரைடர் என்பவர் பலவகைப் புற்களின் மேற்பகுதியை வெவ்வேறு அளவில் வெட்டி, அவற்றின் வேர் வளர்ச்சியை அளந்து, 1955-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். இலைப் பகுதியில் 40 சதவீதம் வரை நீக்கியபோது வேர் வளர்ச்சி நிற்கவில்லை. பாதியோ அதற்கு மேலோ நீக்கியபோது, ஏறக்குறைய எல்லா வகைகளிலும் வேரின் வளர்ச்சி நின்றது. இலையின் பெரும்பகுதியை ஒரே தடவையில் நீக்கியபோது, ஒரு நாளுக்குள் நின்ற வளர்ச்சி 6 நாள் முதல் 18 நாள் வரை மீளவில்லை. இலையில்லாத புல் உணவு ஆக்க இயலாது. இருப்பிலுள்ளதைக் கொண்டு முதலில் இலையைத்தான் மீட்டுக்கொள்ளும், வேர் காத்திருக்கும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது என்னும் வழக்கிற்கு இச்சோதனை அடிப்படை தருகின்றது.

இப்பொழுது மழைக்காலத்துப் புல்தரைக்குத் திரும்பலாம். புல்லை 4 செ.மீ. உயரத்தில் வைத்திருப்பதாகவும், அது வாரத்தில் 2 செ.மீ. வளர்வதாகவும் கொள்க. ஒரு வாரத்திற்குப் பின் 6 செ.மீ.; 2 செ.மீ. நீக்கினால் சரியாக மூன்றில் ஒரு பங்கு. இரு வாரம் கழித்து வந்தால் 8 செ.மீ.; 4 செ.மீ. நீக்கியாக வேண்டும். அது பாதி. மூன்று வாரம் எனில் பத்தில் ஆறு பங்கு. ஆக, குறைந்த விலையின் ஒரு பகுதி புல்லின் வேரிலிருந்து எடுக்கப்படுகின்றது. அடுத்த கோடையில் தரை திட்டுத் திட்டாக வெளிறி, கோரை முளைத்து, மறுபடி புல் பதிக்க நேரும்போது அச்செலவு வேறொரு கணக்குத் தலைப்பில் எழுதப்படுவதால், இரண்டையும் எவரும் இணைத்துப் பார்ப்பதில்லை.

வென்றவர் ஏன் இழக்கின்றார்?

குறைந்த விலை குறிப்போர் அனைவரும் வஞ்சகர் என எண்ணுதல் தவறு. நேர்மையுடன் கணக்கிட்டவர்களே இழப்பில் விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க எண்ணெய்ப் பொறியியலாளர்களான கேப்பன், கிளாப், காம்பெல் ஆகிய மூவரும் இதனை விளக்கினர். கடலடி எண்ணெய்த் தளங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த ஊதியத்தை ஏன் அடையவில்லை என ஆராய்ந்த அவர்கள், வெற்றி பெறுபவர் பெரும்பாலும் தளத்தின் மதிப்பை மிகுதியாக மதிப்பிட்டவரே எனக் காட்டினர். பொருளியலார் இதனை 'வென்றவரின் சாபம்' என்பர். டெண்டரில் குறைந்த விலைக்கு வெற்றி கிடைப்பதால், இங்கே வெல்பவர் செலவை மிகக் குறைவாக மதிப்பிட்டவர் ஆவார்.

மேற்படி தரையின் உண்மையான அடக்கச் செலவு 80,000 ரூபாய் என வைத்துக்கொள்க. ஒப்பந்தக்காரர்கள் அதனைத் துல்லியமாக அறியார். ஒவ்வொருவரின் உத்தேசமும் 64,000 ரூபாய்க்கும் 96,000 ரூபாய்க்கும் இடையே எங்கேனும் சமவாய்ப்புடன் விழும். சராசரி சரியாக 80,000 ரூபாய்தான். ஆனால் டெண்டர் தேர்ந்தெடுப்பது சராசரியை அன்று, மிகக் குறைந்ததை. மூவர் போட்டியிட்டால் மிகக் குறைந்த உத்தேசம் சராசரியாக 72,000 ரூபாயிலும், எழுவர் எனில் 68,000 ரூபாயிலும், பதினைவர் எனில் 66,000 ரூபாயிலும் நிற்கும். எல்லோரும் தம் உத்தேசத்தின்மேல் பத்து சதவீத இலாபம் வைத்தனர் எனினும், வென்ற விலை முறையே 79,200, 74,800, 72,600 ரூபாய். மூன்று நிலைகளிலும் வென்றவருக்கு இழப்பே. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் கவனக் குறைவாக இல்லை. போட்டியாளர் தொகை பெருகப் பெருக இழப்பு மிகுகின்றது.

வகுப்பில் இதனை எளிதிற் காட்டலாம். ஒரு கண்ணாடிச் சாடியில் எண்ணிப் போட்ட புளியங்கொட்டைகளை வைத்து, எத்தனை இருக்கும் என மாணவர்களைத் தனித்தனியே எழுதச் செய்தால், விடைகள் பரந்து விழும். எண்ணிக்கை எவ்வளவு தெளிவற்றதோ, மிகப் பெரிய விடையும் மிகச் சிறிய விடையும் உண்மையிலிருந்து அவ்வளவு விலகி நிற்கும். அமெரிக்காவில் பேசர்மன், சாமுவெல்சன் என்னும் இருவர் 1983-இல் வெளியிட்ட சோதனையில், 8 டாலர் மதிப்புள்ள சாடிகளை மாணவரிடையே ஏலம் விட்டனர். மாணவரின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர்தான், ஆயினும் சராசரியாக வென்ற விலை 10.01 டாலர். குழு முழுவதும் குறைவாக மதிப்பிட்டிருந்தும், வென்றவர் கூடுதலாகக் கொடுத்தார்.

இதிலிருந்து விலை குறிப்பவர் பெறும் நெறி முதலிற் கேட்பவருக்கு வியப்பளிக்கும். போட்டியாளர் மிகுதி என்று தெரிந்தால் விலையைக் குறைக்கவே மனம் விழையும். ஆனால் தம் உத்தேசம் தவறாயிருக்கக் கூடும் என்னும் அச்சத்திற்காக, அப்போதுதான் கூடுதலான ஒதுக்கீடு வைக்க வேண்டும். தரையை நேரில் நடந்து அளந்தவரின் உத்தேசத்தில் பிழை குறைவாதலால், அவருக்கு இந்த ஒதுக்கீடு அவ்வளவு தேவையில்லை. அளவு நாடா ஒன்றின் மதிப்பு இங்கே தெரிகின்றது.

எவ்வளவு இலாபம் வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1956-ஆம் ஆண்டில் லாரன்ஸ் பிரீட்மன் என்பவர் வெளியிட்ட முறைப்படி, இலாபத்தை வெற்றி வாய்ப்பால் பெருக்கிப் பார்க்க வேண்டும். அடக்கம் 80,000 ரூபாய். 84,000 ரூபாய் குறித்தால் வெற்றி வாய்ப்பு பாதி எனில், எதிர்பார்க்கும் இலாபம் 2,000 ரூபாய். 88,000 ரூபாய்க்கு வாய்ப்பு பத்தில் நான்கு எனில் 3,200 ரூபாய். 92,000 ரூபாய்க்கு வாய்ப்பு பத்தில் இரண்டே எனில் 2,400 ரூபாய். மூன்றனுள் நடுவணதே சிறந்தது. வாய்ப்பை எவ்வாறு அறிவது எனின், கடந்த டெண்டர்களில் வென்ற விலைகளைத் தம் அடக்கச் செலவோடு ஒப்பிட்டு எழுதி வைத்த ஏடு ஒன்றே வழி. சிறு ஒப்பந்தக்காரர்களுள் இந்த ஏடு வைத்திருப்போர் அரியர். விலையை ஒருவர்க்கொருவர் பார்த்துக் கீழிறக்கும் தலைகீழ் ஏலத்தில் இவ்வேடு இன்னும் இன்றியமையாதது. இதற்குக் கீழே இறங்கலாகாது என்ற எல்லையை ஏலம் தொடங்குமுன் எழுதிக்கொள்ளாதவர், தம் கையைத் தாமே தடுக்க இயலாது.

டெண்டரில் எழுத வேண்டியவை

வேலை கொடுக்கும் நிலையம் இவ்விழப்பைக் கண்டு வாளாவிருத்தல் ஆகாது. ஏனெனில் இழப்பில் விழுந்த ஒப்பந்தக்காரர் நிலையத்தையும் உடன் இழுத்துச் செல்வார். டெண்டர்களில் அடிக்கடி காணும் "தேவைக்கேற்பப் புல் வெட்டப்பட வேண்டும்" என்னும் வாசகமே தொல்லைகளின் பிறப்பிடம். யாருடைய தேவை என்பது அதில் இல்லை. நிலையத்தின் தேவை 28 தடவை. ஒப்பந்தக்காரரின் தேவை 19. பரப்பு, ஓரத்தின் நீளம், மரங்களின் எண்ணிக்கை, நிறுத்த வேண்டிய உயரம், மாதந்தோறும் வெட்ட வேண்டிய தடவைகள், புல்லை எங்கே சேர்ப்பது ஆகியவற்றை அளந்து எழுதினால், உத்தேசங்கள் பரவும் எல்லை சுருங்கும். எல்லை சுருங்கினால் மிகக் குறைந்த விலையும் உண்மைச் செலவை நெருங்கும். மேற்கண்ட கணக்கில் 64,000 முதல் 96,000 வரை இருந்த பரவல் 76,000 முதல் 84,000 வரை எனக் குறைந்தால், எழுவர் போட்டியிலும் மிகக் குறைந்த உத்தேசம் 77,000 ரூபாய்; பத்து சதவீதம் சேர்த்து 84,700 ரூபாய். வென்றவருக்குச் சிறிது இலாபம் உண்டு, வேலையும் நடக்கும்.

ஆண்டு முழுவதற்கும் ஒரே தொகை கேட்பதைக் காட்டிலும், ஒரு தடவைக்கு இவ்வளவு என வீதம் கேட்டு, வெட்டிய தடவைகளுக்கு மட்டும் பணம் தருவது மேல். அப்போது தடவையைக் குறைப்பதால் ஒப்பந்தக்காரருக்கு ஊதியம் இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறை தோட்டக்கலை வேலைகளுக்கெனத் தனியே வீதப் பட்டியல் வெளியிடுகின்றது. நிலையத்தின் மதிப்பீட்டை அதனோடு ஒத்துப் பார்க்கலாம்.

விதிகளும் இத்துறையில் சிறிது சிறிதாகத் திருத்தம் பெற்று வருகின்றன. ஊழியத் தொகை ஏதுமின்றிச் சுழியம் எனக் குறித்த விலைகளை ஏற்கலாகாது என மத்திய நிதியமைச்சின் செலவினத் துறை 2014-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆட்களை அனுப்பும் ஒப்பந்தங்களில் இவ்வாறு சுழியம் குறித்துவிட்டு, கூலியிலிருந்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியிருந்ததை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். இயல்புக்கு மாறாக மிகத் தாழ்ந்த விலை வந்தால், அதன் கூறுகளை எழுத்து மூலம் விளக்குமாறு கேட்கக் கொள்முதல் கையேடுகள் இடந்தருகின்றன. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து அறிவுரைகள், தகுந்த இனங்களில் தரத்திற்கும் மதிப்பெண் தந்து, விலையையும் தரத்தையும் சேர்த்து எடைபோட வழி செய்தன. தரத்தின் பங்கு 30 சதவீதத்தை மீறலாகாது. புல் வெட்டுவதற்கு இவ்வளவு விரிவான முறை தேவைதானா எனச் சிலர் ஐயுறலாம். சிறு நிலையங்களுக்குத் தேவையில்லை. கூறு கூறாக விலை விளக்கம் கேட்பதே அவற்றிற்குப் போதும். ஆள், பொறி, வண்டி என மூன்று வரியில் எழுதச் சொன்னாலே 60,000 ரூபாய் விலை எங்கே பொருந்தவில்லை என்பது வெளிப்படும்.

இன்னுமொன்று எஞ்சியுள்ளது. மத்திய அரசின் வரம்பிலுள்ள வேலைகளுக்கு அகவிலைப்படி ஆண்டில் இருமுறை, ஏப்ரல் முதல் நாளும் அக்டோபர் முதல் நாளும், திருத்தப் பெறுவது வழக்கம். ஏப்ரலில் தொடங்கும் ஒப்பந்தத்தின் இடையில், அக்டோபரில் கூலி 5 சதவீதம் உயர்ந்தால், எஞ்சிய அரையாண்டுக்குக் கூடும் செலவு ஏறத்தாழ 540 ரூபாய். சிறு தொகையே, ஆனால் 88,700 ரூபாய் விலையில் இலாபம் ஏறத்தாழ 8,000 ரூபாய்தான் என்பதால், இலாபத்தில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகின்றது. சட்டப்படியான கூலி உயர்வை நிலையமே ஈடு செய்யும் என ஒரு விதியை டெண்டரில் சேர்த்தால், விலை குறிப்பவர் அதற்கெனத் தனி ஒதுக்கீடு வைக்க வேண்டியதில்லை. அக்டோபர் மாதத்துக் கூலிப் பட்டியலில் புதிய வீதம் ஏறியிருக்கின்றதா என மேற்பார்வையாளர் கேட்டுப் பார்ப்பதற்கும் உரிமை உண்டாகும்.